கால் பட்டிட்டுது, சேர்!

சனிக்கிழமையிலிருந்து நொண்டிக்கொண்டு திரிகிறேன். இடது கால் பெருவிரல் வீங்கி, செருப்புக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன, பந்து பட்டிட்டுதோ?"

பந்து படவில்லை. பட்டது வேறு. கடைசியில் சொல்கிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் பலவீனம் தெரியும். இளமையில் உதைபந்தாட்டத்தில் கோல் கீப்பராக நின்ற கதையைச் சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் — கிடைக்காதபோதும் — இங்கே அவிழ்த்துவிடுவேன். வினை அங்கேதான் தொடங்கியது. சுன்னாகத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பாடசாலையின் விளையாட்டு ரீச்சர் அதை வாசித்துவிட்டு, ஒருநாள் வந்து படலையைத் தட்டினார்.

"அண்ணை, எங்கடை பிள்ளையளுக்குக் கோல் அடிக்கப் பழக்கி விடுங்கோ."

"ரீச்சர், நான் வாழ்க்கையிலை ஒரு கோலும் அடிச்சதில்லை. தடுத்ததுதான்."

"எங்கடை பிள்ளையளும் ஒண்டும் அடிச்சதில்லை அண்ணை. பொருத்தமா இருக்கும்."

பழைய தொப்பியைத் தேடி எடுத்தேன். போனேன்.

பெண்பிள்ளைகள் அணி. தொடங்கி ஒரு வருடம். எத்தனையோ ஊருக்குப் போய் விளையாடிவிட்டார்கள். ஒரு கோல்கூட இல்லை. பாடசாலைப் பையன்கள் வைத்த பெயர் 'முட்டை ரீம்'. ஆனால் ஓடுகிறார்களே, அதைப் பார்க்க வேண்டும்! செம்மண் புழுதி கிளம்ப, ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குப் பந்து போகிற அழகே அழகு. கோலுக்கு முன்னால் வந்ததும் மட்டும்... நேரே கீப்பரின் வயிற்றுக்கு. கையில் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி. ஒருத்தி அல்ல, எல்லோரும்!

முதல் நாள் தலையைச் சொறிந்தேன். அடுத்த நாள்தான் பிடிபட்டது. பயிற்சிக்கு அவர்கள் வைத்திருந்த கோல் கம்பங்கள் என்ன தெரியுமா? புத்தகப் பைகள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தப்பித்தவறிப் பந்து பையில் பட்டுவிட்டால், அடித்தவள் ஓடிப்போய்க் குனிந்து, பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். உள்ளே புத்தகம் அல்லவா? புத்தகத்தில் சரஸ்வதி அல்லவா? பிறகு எவள்தான் மூலையைப் பார்த்து அடிப்பாள்! ஒரு வருடமாக, சரஸ்வதிக்குப் படாமல் நட்டநடுவே அடித்துப் பழகியிருக்கிறார்கள்.

பைகளை மரத்தடிக்கு அனுப்பினேன். இரண்டு பக்கமும் தடி நட்டு, தடியோடு ஒட்டி உட்புறமாக ஒரு தண்ணீர்ப் போத்தல் வைத்தேன். "போத்தலை விழுத்துங்கோ, பாப்பம்."

கோல் அடிக்கத் தெரியாதவன் எதைச் சொல்லிக் கொடுப்பது? எனக்கு எது பிடிக்காதோ, அதைச் சொல்லிக் கொடுத்தேன். உயரமாக வருகிற பந்து கீப்பருக்கு வாய்ப்பு — பறந்து பிடித்துக் கைதட்டு வாங்கலாம். நிலத்தோடு ஒட்டிக் கம்பத்தின் அடிக்கு வருகிற பந்து இருக்கிறதே, அதுதான் எமன். ஊன்றுகிற கால் பந்துக்குப் பக்கத்தில். தலை கீழே. விரல் நுனியால் குத்தாமல், சப்பாத்தின் லேஸ் இருக்கிற இடத்தால் அடி. அவ்வளவுதான்.

போத்தல்கள் சரியத் தொடங்கின. அதிகம் சரித்தவள் கம்சிகா. வெங்காயத் தோட்டக்காரரின் மகள். கதைப்பது குறைவு, உதைப்பது இடி. இனிக் கவலை இல்லை என்று நினைத்தேன்.

இல்லையா? இருந்தது.

அச்சுவேலியில் ஒரு சிநேகபூர்வ ஆட்டம். கம்சிகா பந்தோடு பாய்கிறாள். தடுக்க வந்த பிள்ளை சறுக்கி விழுகிறாள். முன்னால் வெறும் கோல். அடிக்க வேண்டியதுதான் பாக்கி. இவள் நின்றாள். திரும்பி வந்தாள். விழுந்து கிடந்தவளின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குள் கீப்பர் ஆற அமர நடந்துவந்து பந்தை எடுத்துக்கொண்டு போனாள்.

"ஏன் பிள்ளை நிண்டனீ?"

"கால் பட்டிட்டுது, சேர்."

"பட்டா?"

"தொட்டுக் கும்பிடோணுமெல்லோ."

"உதைக்கிற விளையாட்டிலை கால் படாமல் வேறை என்ன படும்?"

"பந்திலை பட்டால் பரவாயில்லை, சேர். ஆளிலை பட்டால்தான்."

சிரிப்பதா, அழுவதா? பிறந்த நாள் முதல் 'மெதுவா, மெதுவா... ஆரிலையும் முட்டாதை' என்று வளர்த்துவிட்டு, ஒருநாள் மைதானத்தில் இறக்கி 'அடி!' என்றால் கால் கேட்குமா? நல்ல பிள்ளைகளை வைத்துக்கொண்டு கோல் அடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை, ஐயா.

ஒரு சமரசம் சொன்னேன். "கும்பிடு, வேண்டாமெண்டு சொல்லேல்லை. பந்து உள்ளுக்குப் போன பிறகு கும்பிடு."

"அம்மாட்டைக் கேக்கோணும், சேர்."

அம்மா அடுத்த நாள் தானாகவே மைதானத்துக்கு வந்தார். வந்த விஷயம் வேறு.

"அண்ணை, ஒரு வருசமா ஓடுறாள். கோலும் இல்லை, கணக்கிலை மார்க்கும் இல்லை. வாற சனிக்கிழமை மட்ச்சிலையும் முட்டையெண்டால் நான் மறிச்சுப்போடுவன். பிறகு சனிக்கிழமையிலை ரியூசன்தான்."

"அடிப்பாள், தங்கச்சி. நடுவிலை நிண்டு கும்பிடுறதுதான்..."

"அது நான் பழக்கினது. அதிலை மட்டும் குறை சொல்லாதேங்கோ."

பக்கத்தில் நின்ற கம்சிகா என்னைப் பார்த்தாள். அம்மாவிடம் கேட்க இருந்ததைக் கேட்கவேயில்லை.

சனிக்கிழமை. எங்கள் மைதானத்தில், மட்ச்சுக்கென்றே நட்ட கம்பமும் வலையும். மயிலிட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பலசாலிகள். இடைவேளைக்கு முன்பே இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். நாங்கள் வழக்கம்போல முட்டை. நான் கோலுக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே நின்றேன். எனக்கு ஒட்டினாற்போல் கம்சிகாவின் அம்மா, குடையோடு.

ஆட்டம் முடிகிற நேரம். கம்சிகாவுக்குப் பந்து வந்தது. தலை கீழே, ஊன்றும் கால் பக்கத்தில்... அடித்தாள்! நிலத்தோடு ஒட்டி, கம்பத்தின் அடிக்கு. அந்தக் கீப்பர் கெட்டிக்காரி, பாய்ந்து விரல் நுனியால் தட்டிவிட்டாள். பந்து கம்பத்தில் பட்டு முன்னால் உருண்டது. கீப்பர் நிலத்தில். கம்சிகா அவளைத் தாண்டிப் பாய்ந்தாள். பாயும்போது சப்பாத்து கீப்பரின் தோளில் லேசாக உரசியது.

நானாக இருந்தால் 'ஃபவுல்' என்று ஊரைக் கூட்டியிருப்பேன். அந்தப் பிள்ளை கத்தவில்லை. நடுவரும் ஊதவில்லை. காலடியில் பந்து. முன்னால் வெறும் கோல். கம்சிகாவின் ஓட்டம் தளர்ந்தது. கை கீழே போவதைக் கண்டேன். போச்சு!

அப்போதுதான் என் காதுக்குப் பக்கத்தில் அந்தச் சத்தம்.

"எடியே கம்சி! பந்தை அடியடி! பிறகு கும்பிடலாம்!"

வேறு யார்? கும்பிடப் பழக்கியவரேதான்!

அடித்தாள். வலை குலுங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்! பிள்ளைகள் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்தார்கள். ரீச்சர் அழுதார். 'முட்டை ரீம்' என்று பெயர் வைத்த பையன்களே தண்ணீர்ப் போத்தலைத் தட்டித் தாளம் போட்டார்கள். அந்தக் குவியலுக்குள்ளிருந்து நழுவி, கம்சிகா திரும்பி ஓடினாள். கீப்பரின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கோலும் அடிச்சுப்போட்டுக் கும்பிடவும் வாறியோடி?" என்று கீப்பர் சிரித்தாள். இவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினாள்.

ஆட்டம் முடிந்தது. இரண்டுக்கு ஒன்று, தோற்றது நாங்கள்தான். ஆனால் கம்சிகாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதும் நாங்கள்தான். வென்றவர்கள் திகைத்துப்போய், வென்றது யாரென்று நடுவரிடம் கேட்டார்கள். போகும்போது கம்சிகாவின் அம்மா என்னிடம் மெல்லச் சொன்னார்: "அண்ணை, ரியூசனை ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்தேலுமோ எண்டு கேட்டுப் பாக்கிறன்."

என் பெருவிரலை மறக்கவில்லை. வலை குலுங்கிய அந்த நொடியில் கம்சிகாவின் அம்மா குடையை வீசிவிட்டு ஒரு துள்ளுத் துள்ளினார். வந்து இறங்கியது என் இடது காலில்.

நல்லாய்த்தான் பட்டது... தொட்டுக் கும்பிடவேயில்லை!