எல்லாப் படத்திலும் ஒரே சேலை

எருத்தேன்பதி ஜவுளிக்கடையில் இருபது வருஷமாகச் சேலை எடுத்துப்போடும் நர்மதாவுக்கு ஒரு தடவை பார்த்த முகம் மறக்காது. அதனால்தான் கடையின் வரலாற்றுக்கென்று தொடங்கிய இணையதளத்தில் பழைய படங்களைச் சேர்க்கும் வேலையை முதலாளி பூபதிராஜா அவளிடம் கொடுத்தார். முகூர்த்தச் சேலை எடுக்க வந்த கல்யாணப் பெண்களைக் கடையிலேயே நிறுத்தி எடுத்த படங்கள் அவை. ஒவ்வொன்றின் கீழும் பெயர், வருஷம், சேலையின் விவரம் எழுத வேண்டும்.

பத்தாவது படத்திலேயே அவளுக்குத் தலை சுற்றியது. முகங்கள் வேறு வேறு. தோளில் கிடந்ததோ ஒரே கிளிப்பச்சைச் சேலை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். முப்பதாவது படத்திலும் அதே பச்சை, அதே மயில் பார்டர்.

“ஏனுங்க மொதலாளி, இந்தக் கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுங்களா? எல்லாப் புள்ளைக்கும் ஒரே சீலையப் போட்டு உட்டிருக்குது!” என்று எரிந்து விழுந்தாள்.

பூபதிராஜாவும் எட்டிப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். “அப்ப அவுங்கவுங்க எடுத்த சீலை எங்க போச்சு?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எடுத்த முகூர்த்தச் சேலையைக் கல்யாணத்துக்கு முன்னால் பிரிக்க எந்தக் குடும்பமும் சம்மதிக்காது. அதனால் படத்துக்காக, காட்சிக்குத் தொங்கிய பச்சைச் சேலையை உருவித் தோளில் போட்டுவிட்டவள் அவளேதான்.

அவள் அதைச் சொல்லக் கேட்டதும் முதலாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை. “அப்ப நம்ம கடை வரலாறே அந்தச் சீலைதான். மொதப் பக்கத்துல அதத்தான் போடோணும். எடுத்துட்டு வாம்மா.”

போன ஆடித் தள்ளுபடியில் அதற்கு இஸ்திரி போட்டு மடித்து, “இன்னிக்குத்தான் வந்துச்சுங்க” என்று விற்றவளும் அவளேதான். எவ்வளவு யோசித்தும், வாங்கிப் போனவளின் முகம் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.