படிவத்தில் இல்லாதவள்

என் கணவர் பட்டாளத்துக்குக் கிளம்பியபோது எனக்கு ஐந்து மாதம். அவர் நிரப்பிக் கொடுத்திருந்த படிவத்தின்படி அவருக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

இதில் அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்துதான் நடந்தது. நாலு வருட வேலை அது. கல்யாணமாகாதவர்களை மட்டும்தான் எடுப்பார்கள், நாலு வருடம் முடிகிற வரை கல்யாணம் செய்துகொள்ளவும் கூடாது. அந்த வருடம் வயது வரம்பைத் தளர்த்தியதால் அவருக்கு உள்ளே போக வாய்ப்புக் கிடைத்தது. திருக்கழுக்குன்றத்தில் ஒரு சின்ன அம்மன் கோயிலில் பதினைந்து பேருக்கு முன்னால் தாலி கட்டி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை.

"கல்யாணம் ஆகலன்னுதான் போட்டுகீறேன். நீ வேணாம்னா இப்பவே கிழிச்சுடறேன்" என்றார்.

அப்போது அவர் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் சிலைகளுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மழை பெய்தால் வேலை இல்லை. ஆர்டர் இல்லாவிட்டாலும் வேலை இல்லை. நாலு வருடம் மாதா மாதம் சம்பளம், முடிகிறபோது ஒரு மொத்தத் தொகை. "கிழிக்க வேணாம்" என்றேன்.

செங்கல்பட்டு ஸ்டேஷனில் ரயில் ஏறும் முன் அவர் ஏடிஎம் கார்டைத் தன் அம்மாவிடம் கொடுத்தார். வங்கிக் கணக்கிலும் இன்ஷூரன்ஸ் தாளிலும் வாரிசு என்று இருந்தது அம்மாவின் பெயர்தான். வேறு யார் பெயரை எழுத முடியும்? என் கையில் நாலாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, "அம்மா பாத்துக்கும்" என்றார். நான் தலையாட்டினேன்.

முதல் இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை. சம்பளக் காகிதங்கள் எங்கோ நகர்ந்துகொண்டிருந்தன என்று பிறகு சொன்னார்கள். பட்டறைக்குப் பின்னாலிருந்த எங்கள் ஒற்றை அறைக்கு வாடகை கொடுக்க முடியாமல், மாமியார் வீட்டுக்குப் போனேன். திருக்கழுக்குன்றம் சாலையில் உள்ளே தள்ளி ஒரு தொகுப்பு வீடு. மாமனார் இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. மாமியார் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் துப்புரவு வேலை பார்த்துத்தான் மகனையும் மகளையும் வளர்த்திருந்தார். மகளுக்கு அப்போது வரன் பேசி முடித்திருந்தார்கள்.

நான் போன சில வாரங்களில் போலீஸ்காரர் ஒருவர் விசாரணைக்கு வந்தார். வேலைக்குச் சேர்ந்தவரைப் பற்றி ஊரில் கேட்டு எழுதிக்கொண்டு போக. நான் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பைக் நிற்பதைப் பார்த்ததும் மாமியார் என் கால் பக்கம் குனிந்து, "மெட்டிய கழட்டு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கால் வீங்கியிருந்தது. ஒன்று கழன்றது, மற்றது வரவில்லை. பாதத்தைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். தாலியை ஜாக்கெட்டுக்குள் விட்டேன்.

"வீட்ல யார் யாரும்மா இருக்கீங்க?"

"நானும் எம் பொண்ணும்தான் சார். பையன் மிலிட்டரிக்குப் பூட்டான். இது எங்கண்ணன் பொண்ணு. இது வூட்டுக்காரரு வெளியூர்ல கீறாரு. பிரசவத்துக்கு வந்துகீது."

வயிற்றை மறைக்க முடியாது என்பது மாமியாருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். நான்தான் டீ போட்டுக் கொடுத்தேன். தம்ளரை வாங்கும்போது என்னைப் பார்த்து, "எத்தனாவது மாசம்மா?" என்றார்.

"ஏழு சார்."

"உடம்பப் பாத்துக்கம்மா."

நல்ல மனிதர். அவர் போன பிறகு சோப்புத் தண்ணீர் விட்டு அந்த இன்னொரு மெட்டியையும் கழற்றினேன். பிறகு அவற்றைப் போடவே இல்லை.

சம்பளம் வரத் தொடங்கியது. ஒரு பங்கைக் கடைசியில் தருவதற்காகப் பிடித்துக்கொண்டு, கையில் இருபதாயிரத்துச் சொச்சம் வந்தது. அந்த வீடு அவ்வளவு பணத்தை மொத்தமாக அதற்கு முன் பார்த்ததில்லை. மாமியார் அதை மகள் கல்யாணத்துக்கென்று அப்படியே ஒதுக்கினார். என் செலவுக்குக் கேட்டால் கொடுப்பார். ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். ரத்தம் குறைவாக இருக்கிறது, முட்டையும் பேரீச்சம்பழமும் சாப்பிடு என்று நர்ஸம்மா சொன்னதை நான் வீட்டில் சொன்னபோது, "நாங்கல்லாம் இன்னாத்த துன்னுட்டு பெத்தோம்?" என்றார். அதில் பொய் இல்லை. அவர் உண்மையிலேயே எதையும் தின்னாமல்தான் பெற்றிருந்தார். சில நாள் நாத்தனார், தான் வேலை பார்த்த கம்பெனி கேன்டீனில் கொடுக்கிற முட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து எனக்குக் கொடுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வரும். பயிற்சியில் இருப்பவர்களுக்குப் பத்து நிமிடம்தான். மாமியாரின் ஃபோனுக்குத்தான் வரும். அவர் பேசி, நாத்தனார் பேசி, கடைசியில் என்னிடம் வரும்போது இரண்டு நிமிடம் இருக்கும்.

"பணம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"உனுக்கு எல்லாம் வாங்கித் தருதா அம்மா?"

மாமியார் எதிரில் நின்றுகொண்டிருப்பார். "தருது மாமா" என்பேன்.

பையன் நாள் நிறையாமல் முன்னதாகவே பிறந்துவிட்டான். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கண்ணாடிப் பெட்டியில் ஒன்பது நாள் வைத்தார்கள். தகப்பன் பெயர் கேட்டபோது அவர் பெயரையே சொன்னேன், அதில் மட்டும் பொய் சொல்ல வாய் வரவில்லை. தொழில் கேட்டார்கள். "கூலி" என்றேன்.

அந்த ஞாயிறு அவர் கூப்பிட்டபோது ஃபோனில் சார்ஜ் இல்லாமல் போயிருந்தது. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். தனக்கு மகன் பிறந்தது அவருக்கு எட்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

"வர முடியாதா மாமா?"

"இன்னான்னு சொல்லி லீவு கேப்பேன்?" என்றார். பிறகு, "பக்கத்துல ஆளு நிக்கிறான். வச்சுடறேன்" என்றார்.

அந்த ஒன்பது நாளும் மாமியார் ரிசார்ட்டில் வேலையை முடித்துவிட்டு, பஸ் மாறி மாறி, தூக்குவாளியில் சோற்றோடு வந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று பேரனைப் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவார். அவரை வெறுக்க நினைக்கும்போதெல்லாம் அந்தத் தூக்குவாளி ஞாபகத்துக்கு வந்து தடுக்கும்.

பயிற்சி முடிந்து அவர் கைக்கு ஃபோன் வந்த பிறகு, என் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கச் சொன்னார். மாதம் ஏழாயிரம் எனக்கு நேராக அனுப்பத் தொடங்கினார். மீதி அம்மாவுக்கு. மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்தினார். நாத்தனார் கல்யாணம் முடிந்த மறுவாரம் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமல்லபுரத்துக்கே திரும்பி வந்து ஓர் அறை எடுத்தேன். ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் துவைக்கிற இடத்தில் வேலை கிடைத்தது. காலையில் மீன் விற்றுத் திரும்பிவிடும் பக்கத்து அறை அம்மா பகலில் பையனைப் பார்த்துக்கொண்டார்.

எல்லையில் சண்டை என்று டிவியில் ஓயாமல் காட்டிய நாட்களில் அவரிடமிருந்து பதினோரு நாள் ஃபோன் வரவில்லை. பத்து நாள் தாங்கிக்கொண்டேன். பதினோராம் நாள் காலையில் மாமியார் என் அறை வாசலில் வந்து நின்றார். வேலைக்குப் போகிற யூனிஃபார்மிலேயே இருந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம்.

"ஆபீஸ் நம்பராம். அவன் எப்பவோ எழுதிக் குட்த்தான். எனுக்குப் பேச வராது. நீ பேசு."

கூப்பிட்டேன். இந்தியில் ஒருவர் பேசினார். ஹோட்டலில் கற்ற இந்தியில் பெயரையும் ஊரையும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் தமிழ் பேசுகிற ஒருவர் வந்தார்.

"நீங்க யாரு பேசறீங்க?"

மாமியாரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி" என்றேன்.

"பயப்படாதம்மா. உங்கண்ணன் நல்லா இருக்காரு. அம்மாகிட்ட சொல்லு, ரெண்டு நாள்ல பேசுவாரு."

மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அத்தனை நாள் உள்ளே கிடந்தது வாயில் வந்துவிட்டது.

"அத்த, அவருக்கு ஏதாச்சும் ஆயிருந்தா எல்லாப் பணமும் உங்க பேருக்குத்தான் வரும். எனுக்கும் கொயந்தைக்கும் இன்னா கீது? நான் பொண்டாட்டின்னு யார்கிட்ட போய் சொல்வேன்?"

அவர் எழுந்தார். "எம் புள்ள உயிரோட கீறான். நீ கணக்கு பாத்துகினு கீற" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அந்தக் கேள்வியை நான் திரும்பக் கேட்கவில்லை.

அந்த வருடம் என் கணவர் முப்பது நாள் லீவில் வந்தார். அதற்கு முன் வந்துபோனபோது பையன் கைக்குழந்தை. முதல் நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு மறுநாள் காலையில் என் அறைக்கு வந்தார். கறுத்து, தோள் அகன்று, வேறு ஆள் போல இருந்தார். பையனுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. என் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தான். நான் ஃபோனில் அவரை எப்படிக் கூப்பிடுவேனோ அதையே கேட்டு வளர்ந்தவன் அவன்.

"மாமா" என்றான்.

அவர் சிரிக்கத்தான் முயன்றார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ராத்திரி பையன் தூங்கிய பிறகு, "நான் போய் ஆபீசர்கிட்ட உள்ளத சொல்லிடறேன்" என்றார். "இன்னா ஆவும்? அனுப்பிடுவான். அவ்ளோதான? மறுபடியும் பட்டறைக்குப் போறேன். எம் புள்ள என்ன அப்பான்னு கூப்புடட்டும்."

இந்த வார்த்தைக்காகத்தான் இரண்டு வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவர் சொன்ன கணத்தில் என் மனம் போனது வேறு இடத்துக்கு. அனுப்பிவிட்டால் பிடித்து வைத்த பணம் வருமா, வராதா? என் துவைக்கிற வேலைச் சம்பளத்தில் மூன்று பேர் எத்தனை நாள்? கல்தூளைச் சுவாசித்துக்கொண்டு அவர் எத்தனை வருடம்?

"வேணாம் மாமா" என்றேன். "இன்னும் ஒண்ணரை வருசம்தான். இருந்துட்டு வா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவரைத் தடுக்காமலிருந்திருக்க வேண்டுமென்று அவர் விரும்பினாரா, தடுத்ததில் நிம்மதி அடைந்தாரா என்று எனக்குத் தெரியாது. "சரி" என்றார்.

லீவு முடிந்து அவர் கிளம்பிய அன்று எனக்கு வேலை நாள். ஸ்டேஷனுக்கு அவருடைய அம்மாவும் தங்கையும் போனார்கள். நான் போகவில்லை. சீசன் தொடங்கியிருந்தது, ஹோட்டலில் எல்லா அறைகளும் நிரம்பியிருந்தன. மத்தியானம் வரை ஈர விரிப்புகளை மெஷினிலிருந்து உருவிக் கொடியில் போட்டுக்கொண்டே இருந்தேன். ரயில் கிளம்புகிற நேரம் எப்போது கடந்தது என்று நான் கவனிக்கவில்லை.