சுளுக்கென்று சொன்ன கால்

இணுவிலில் எங்கள் ஒழுங்கையில் இருந்த தயாளினி, ஐம்பத்திரண்டு வயதுவரை தனக்கென்று ஆஸ்பத்திரிக்குப் போனது ஒரே ஒரு முறைதான். அது மகள் ஆரபியைப் பெறுவதற்கு. மற்ற நாளெல்லாம் வெங்காயத் தோட்டமும் அடுப்படியும்தான். வெள்ளிக்கிழமைகளில் கந்தசுவாமியாருக்கு மாலை கட்டிக் கொடுத்த பிறகுதான் அவள் வாயில் தண்ணீர் படும்.

போன மாசியில் அவளுடைய இடது கால் மட்டும் வீங்கியது. ஐந்தாம் நாள், செருப்புக்குள் கால் போகாதபோதுதான் கணவன் தம்பிராசா அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கிருந்த இளம் டொக்டர் பிள்ளை இரத்தம் எடுத்துப் பார்த்தாள். காலையும் ஸ்கான் செய்தாள்.

"இரத்தம் கட்டிபட்டால் கூடுற ஒரு அளவு இருக்கு அம்மா, டி-டைமர் எண்டு. உங்களுக்குப் பத்து மடங்கு நிக்குது. காய்ச்சல், காயம் எண்டாலும் உது கூடும். உதை மட்டும் வைச்சு ஒண்டும் சொல்லேலாது. ஆனால் ஸ்கானிலையும் கட்டி தெரியுது. நாள் முழுக்கத் தோட்டத்திலை நிக்கிற உங்களுக்கு ஏன் சும்மா காலிலை இரத்தம் கட்டவேணும்? உள்ளுக்கை வேறை நோய் இருந்தாலும் இப்பிடிக் கட்டும். வயிற்றையும் பார்ப்பம்."

சூலகத்தில், கருமுட்டை விளையும் பையில், புற்று இருந்தது.

"கால் காட்டிக் குடுத்திட்டுது. வேறை இடத்துக்கு இன்னும் பரவேல்லை, காலிலை இரத்தக்கட்டி கரைஞ்ச பிறகு வெட்டி எடுக்கலாம். அதுவரைக்கும் இந்த ஊசியை விடாமல் போடுங்கோ. காலைத் தேய்க்க வேண்டாம், உருவ வேண்டாம். கட்டி கழண்டு நெஞ்சுக்குப் போனால் ஆள் தப்பாது." பிறகு தம்பிராசாவைப் பார்த்து, "இவவின்ரை தாயும் வயிறு வீங்கித்தான் செத்தவ எண்டுறியள். மகளையும் ஒருக்கா கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

ஆரபிக்கு வைகாசியில் கலியாணம். தம்பிராசாவின் தமக்கை நல்லம்மா, அவர்கள் வீட்டுக்கு வந்ததும் வாசல் படலையைச் சாத்தினாள்.

"ஒருத்தரும் மூச்சு விடப்படாது. பிள்ளைக்கும் சொல்லவேண்டாம். தாய்க்கு உந்தப் புற்று வருத்தம் எண்டால் மகளுக்கும் வரும் எண்டு மாப்பிள்ளை வீடு விட்டிட்டு ஓடும்."

"அப்ப காலுக்கு என்ன சொல்லுறது, அக்கா?"

"சுளுக்கு."

"கிணத்தடியிலை வழுக்கினதெண்டு சொல்லுங்கோ மச்சாள்" என்று தயாளினி சிரித்தாள். "நானும் வடிவாய் நொண்டிக் காட்டுறன்."

எங்கள் பக்கத்தில் சுளுக்கென்றால் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். நோவெண்ணெய் பூசி உருவத்தான் வேண்டும். பங்குனியில், நெல்லியடியிலிருந்து மாப்பிள்ளையின் தாய் தன் தமையன் முத்துக்குமாருவோடு வந்து இறங்கினாள். அவர் சுளுக்கு எடுப்பதில் பேர்போனவர். கையில் எண்ணெய்ப் போத்தல்.

"ஒரு மாசமாய் ஒரு சுளுக்கு நிக்குமே, சம்பந்தி? வேறை ஏதும் வருத்தமோ?" என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

"சீச்சீ, சுளுக்குத்தான்" என்றாள் நல்லம்மா.

"அப்ப அண்ணை ஒருக்கா உருவட்டும். பறந்திடும்."

தயாளினி கணவனைப் பார்த்தாள். அவர் சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் அறியாத ஆரபி பாயைக் கொண்டுவந்து விரித்தாள்.

"காலை நீட்டுங்கோ அம்மா."

மகளின் முகத்தைப் பார்த்தாள் தயாளினி. "முருகா" என்று காலை நீட்டினாள்.

முத்துக்குமாரு கெண்டைக்காலிலிருந்து மேலே அழுத்தி அழுத்தி உருவினார். அவள் சேலைத் தலைப்பைக் கடித்தாள்.

"சின்னப்பிள்ளை மாதிரி முனகாதேங்கோ" என்று மாப்பிள்ளையின் தாய் பகிடி பண்ணினாள். "கலியாணப் பந்தலிலை ஓடித் திரிய வேண்டாமோ?"

முடிந்ததும், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வைக்க எழும்பினாள். மூன்று அடி வைத்தாள். "இஞ்சாருங்கோ, மூச்சு..." என்றாள். ஓட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை. மாப்பிள்ளையின் தாயும் வந்தாள். அழுதாள், அன்னம் தின்றாள், கை கழுவிவிட்டுத் தம்பிராசாவிடம் வந்தாள்.

"வருசம் திரும்பி ஆட்டைத்திவசம் முடியாமல் உங்கடை வீட்டிலை நல்லகாரியம் செய்யேலாது. பெடியனுக்கு லீவு வைகாசியிலை மட்டும்தான். வேறை ஒரு இடம் பொருந்தியிருக்கு. குறை நினையாதேங்கோ."

அவள் வந்த வான் போன பிறகு தம்பிராசா தமக்கையின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, அந்த டொக்டர் எங்கடை ஆரபியையும் கொண்டுவந்து காட்டச் சொன்னவ."

"வாயை மூடு தம்பி. நல்லகாலம், மாரடைப்பெண்டு ஊர் நம்பியிருக்கு. அடுத்த வருசம் வேறை இடம் பேச வேண்டாமோ?"

கேணியில் முழுகிவிட்டு ஈரத் தலையோடு ஆரபி வந்தாள். இடது காலைத் தாங்கித் தாங்கிப் படியில் ஏறினாள்.

"என்னப்பா கதைக்கிறியள்?"

"ஒண்டுமில்லை, பிள்ளை" என்றார் தம்பிராசா.