இடுப்பு வரை ஏறிய குளிர்

தறியில் நாடாவைத் தள்ளும் கயிற்றைச் சுண்டப் போன கை பாதியில் நின்றுவிடும். கண் திறந்திருக்கும், இமை அடிக்காது. நாடா ஓடும் சத்தம் அடங்கி, பக்கத்துத் தெரு விசைத்தறியின் இரைச்சல் மட்டும் வீட்டுக்குள் வரும். பிறகு, உள்ளிருந்து யாரோ தள்ளிவிட்டதுபோல் கை அசையும். விட்ட இடத்திலிருந்தே குமரேசன் நெய்யத் தொடங்குவார்.

"எங்கண்ணே போயிட்டீங்க?" என்று கேட்பேன்.

"இங்கதான் தம்பி உக்காந்துகினு இருக்கேன். எங்க போனேன்?"

கத்திரி வெயிலில் ஆரணியே வெந்துகொண்டிருக்கும்போது அவர் ஸ்வெட்டர் போட்டிருப்பார். "ஆண்டவன் எனக்கு மட்டும் ஏசி வெச்சுக் குடுத்துட்டான்" என்று சிரிப்பார். நாற்பதை நெருங்கும் வயது. முகம் ஊறவைத்த அரிசிபோல் வெளிறி உப்பியிருக்கும். புருவங்களின் வெளிமுனை உதிர்ந்துவிட்டது. சிரிப்பு உதட்டுக்கு வந்துசேரவே சற்று நேரமாகும்.

அவர் வீட்டு மாடி அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அதனாலேயே ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் என்னிடம் கேட்பார்கள். ஆனால் குமரேசன் கேட்கவில்லை. தன் நோய் எங்கிருந்து வருகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"குழிலேருந்து ஏறுது தம்பி. மொதல்ல பாதம் ஜில்லுனு ஆச்சு. அப்பறம் முட்டி. இப்ப இடுப்புக்கு வந்துடுச்சு."

நெய்கிறவர் தறிக்குழிக்குள் காலை விட்டுத்தான் மிதிக்க வேண்டும். பகல் முழுக்க அவருடைய கால்கள் அந்த இருட்டுக்குள்தான் இருக்கும். தன் மடியைக் குனிந்து பார்த்துவிட்டு, "அதுலேருந்து ஆம்பளன்னு சொல்லிக்க ஒண்ணும் இல்ல" என்றார்.

படவேட்டுக்குப் பஸ் ஏறிப்போய் அம்மனிடம் வைத்து எடுத்துவந்த எலுமிச்சம்பழத்தைக் குழியில் போட்டிருந்தார்கள். அது அழுகவில்லை, கறுத்து, கல்லாக இறுகிக் கிடந்தது. "நம்பலன்னா நீயே கால விட்டுப் பாரேன்" என்றார். விட்டேன். குளிர் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. மண்குழி குளிர்ச்சியாகத்தான் இருக்கும், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அப்படியானால் காலை ஏன் அவ்வளவு அவசரமாக வெளியே இழுத்துக்கொண்டேன்? மூன்று வருடம் படித்தது கணுக்கால் வரைகூட இறங்கவில்லையா?

அவர் மனைவி ஹேமலதாவின் பயம் வேறு. ஒருநாள் மாடிப்படியில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார்: "பேர் சொல்லிக் கூப்பிட்டா எனக்குத் திரும்பிப் பாக்கவே பயமா இருக்கு. அது அவர் குரல் இல்ல தம்பி. அவர் வாயில வேற யாரோ பேசறாங்க. கிட்ட வர்றதே நின்னுபோச்சு. தெரியாம கை பட்டாலும் மீனத் தொட்ட மாதிரி இருக்கு. ஆடிக்குள்ள ஒரு வழி தெரியலன்னா களம்பூருக்கு அம்மா வீட்டுக்கே போயிடப்போறேன்."

குமரேசனுக்கும் அது தெரிந்திருந்தது. குழியை மூட மண் கொண்டுவரச் சொல்லிவிட்டார். தறியை விற்க ஆளும் பார்த்துவிட்டார். குழி மூடினால் மனைவி இருப்பார் என்பது அவர் நம்பிக்கை.

தடித்த குரல், உப்பிய முகம், தாங்காத குளிர். இப்படி வரும் பெண்களிடம் தினமும் ரத்தம் எடுக்கிறேன். இவரைப் பார்த்தபோது ஏன் தோன்றவில்லை? ஆண் என்பதாலா? ஒருநாள் காலையில் சொல்லிவிட்டேன்.

"தைராய்டா? அது பொம்பளைங்க சமாச்சாரமாச்சே! இன்னா தம்பி, எனக்குப் பொடவ கட்டிப் பாக்கறியா?"

"நீங்க நெய்யற பொடவதானே, கட்டிக்கினா இன்னா கொறஞ்சுபோயிடுவீங்க?" என்றார் ஹேமலதா, அடுப்படியிலிருந்து. அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன்.

கிளினிக்கில் ஊசி குத்த அவர் கையைப் பிடித்தேன். மேசையின் இரும்புக் காலைப் பிடித்ததுபோல் இருந்தது. ரத்தம் வரத் தயங்கித் தயங்கி வந்தது.

முடிவு தெரிந்த அன்று மூவரும் எங்கள் கிளினிக் டாக்டர் திலகவதியின் அறையில் இருந்தோம். "தைராய்டு சுரப்பு ரொம்பக் கொறஞ்சிருக்கு. குளிர், வீக்கம், குரல், மந்தம் எல்லாம் அதனாலதான். நீங்க சொல்ற குழியில ஒண்ணும் இல்ல. காலையில வெறும் வயித்துல மாத்திரை போடணும், விடாம" என்றார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "ஆம்பளைங்களுக்கு இதனால இன்னொண்ணும் வரும். ஆசை கொறையும், உடம்பு ஒத்துழைக்காது. நெறைய பேருக்கு மாத்திரையிலயே மெல்ல சரியாயிடும். சக்கரை மாதிரி வேற காரணமும் இருக்கலாம், அதையும் பாக்கணும். நீங்க வாயத் தொறந்து சொன்னாத்தான் எனக்குத் தெரியும். எப்படி இருக்கீங்க?"

குமரேசன் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வெளியில இருக்கேங்க" என்று ஹேமலதா எழுந்தார். நானும் கதவைத் திறந்தேன்.

குமரேசன் என்னைப் பார்த்து, சாத்திக்கொண்டு போ என்று ஒரு கையால் சைகை செய்தார். மறுகையை நீட்டி மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார். ஹேமலதாவின் தோள் சிலிர்த்தது. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.