வீடு வாங்கும் முன் ஒரு பாட்டு பாடிப் பாருங்கள்!

இன்று எங்கள் அபார்ட்மெண்ட் குரூப்பில் ஒரே அமர்க்களம்!

"ஃப்ளாட் வாங்கறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்?" என்று யாரோ ஒருவர் கேட்டுவிட்டார்.

ஒருவர் பத்திரம் என்றார். ஒருவர் பார்க்கிங் என்றார். ஒருவர் வாஸ்து என்றார் (அவருடைய ஃப்ளாட்டில்தான் லிஃப்ட் சத்தம் அதிகம்!).

நான் ஒரே வரி போட்டேன். "ஹாலில் நின்று ஒரு பாட்டு பாடிப் பாருங்கள்."

வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள் வந்து விழுந்தன. சிரித்தவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

அறுபதுகளின் ஆரம்பம். கல்யாணமான புதிதில் பெங்களூர் ஜீவனஹள்ளியில் வாடகைக்கு இருந்தோம். அபார்ட்மெண்ட் என்ற வார்த்தையே காதில் விழாத காலம். மல்லேஸ்வரத்தில் ஒரு பெரிய வீட்டை இரண்டு போர்ஷனாகப் பிரித்திருந்தார்கள். நடுவில் பொதுச் சுவர். அதில் ஒரு போர்ஷன் விலைக்கு வந்தது.

என் கணவர் புரோக்கரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"எப்படிங்க இருக்கு?"

"காபி பிரமாதம்!"

"வீடுங்க?"

"சுவத்தைத் தட்டிப் பாத்தேன். ஸ்ட்ராங்கா இருக்கு. விஜயதசமி அன்னைக்கு அட்வான்ஸ்னு வாக்கு குடுத்துட்டேன்."

அந்த அட்வான்ஸுக்காக விற்கப் போவது என் அட்டிகையை! அம்மா எனக்குப் போட்டு அனுப்பிய ஒரே நல்ல நகை. ராத்திரி அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். போவதுதான் போகிறது, நல்ல வீட்டுக்குப் போகட்டும் என்று முடிவு செய்தேன். அதை நானே பார்த்தாக வேண்டும்!

ஆனால் வீடு விற்பவர் பெண்பிள்ளைகளோடு வியாபாரம் பேச மாட்டாராம்.

பேச வேண்டாமே! நவராத்திரி வந்துவிட்டதே! பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கொலு பார்க்க வருகிறவளை வாசலில் நிறுத்தி, எதற்கு வந்தாய் என்று கேட்கிற வீடு மல்லேஸ்வரத்தில் உண்டா?

போனேன். விற்பவரின் மனைவி விசாலாட்சியம்மா வாய் நிறைய வரவேற்றார்.

உள்ளே பார்த்தால், கொலுப்படி ஹாலுக்கு நட்டநடுவில் நிற்கிறது!

"சுவத்தோரமா வைக்கலையாம்மா?"

"எல்லாரும் சுத்திப் பாக்கட்டுமேன்னுதான்…" என்று இழுத்தார்.

சுற்றிப் பார்க்கத்தானே வந்திருக்கிறேன்! பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு கொலுவைப் பிரதட்சிணம் வந்தேன். பின்சுவர் முழுக்க அலங்காரமாக ஒரு பட்டுப்புடவை தொங்கியது. தொட்டேன். புடவை நனைந்திருந்தது. லேசாக விலக்கினால் சுவர் பச்சைப்பசேல்!

"ஒரு பாட்டு பாடேம்மா" என்றார் விசாலாட்சியம்மா, அவசரமாக.

என் குரல் எப்படி என்று எங்கள் வீட்டுப் பூனைக்குத் தெரியும். இருந்தாலும் பாடினேன். பாதியில் அடுத்த வரி மறந்துபோய் நின்றேன்.

சுவர் எடுத்துக் கொடுத்தது!

ஆமாம், அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் அடுத்த வரியைக் கணீரென்று பாடியது. விசாலாட்சியம்மா என் கையில் இரண்டு பங்கு சுண்டலைத் திணித்தார்.

நேராகப் பக்கத்துப் போர்ஷனுக்குப் போனேன்.

"பன்னி, பன்னி! நீங்கதானா பாடினது? பச்சல் மனெல கொழந்தையைக் குளிப்பாட்டிட்டு இருந்தேன். நீங்க நிறுத்தினதும் என்னால சும்மா இருக்க முடியலை!" என்று சிரித்தார் சாவித்ரம்மா.

கன்னடத்தில் பன்னி என்றால் வாருங்கள், பச்சல் மனை என்றால் குளியலறை. அதன் குழாய் அந்தச் சுவருக்குள் உடைந்திருக்கிறது.

"ரிப்பேர் யார் பண்றதுன்னு ரெண்டு வீட்டு ஆம்பளைங்களுக்கும் பேஜார். பேச்சே கிடையாது" என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வாக்கு குடுத்தாச்சே! இப்பப் போய் சுவரு அது இதுன்னா அவரு என்ன நினைப்பாரு?"

"என் அட்டிகை என்ன நினைக்குங்க?"

"சரி, நீயும் கூட வா" என்றார்.

விஜயதசமியன்று அவரோடு நானும் போனேன். தாம்பூலத் தட்டு தயாராக இருந்தது.

"சுவரா? லேசா ஈரம். ரெண்டு நாள் வெயிலடிச்சா காஞ்சிடும்" என்றார் விற்பவர், என் முகத்தைப் பார்க்காமல் என் கணவரிடம்.

"ஐயா, நல்ல நாளாச்சே. ஒரு பாட்டு பாடட்டுமா?" என்றேன் நான்.

பாட்டு வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? பாடினேன். அதே இடத்தில் நிறுத்தினேன், இந்த முறை வேண்டுமென்றே!

சுவர் அடுத்த வரியைப் பாடியது. பாடிவிட்டுப் பேசவும் செய்தது (சாவித்ரம்மாவும் நானும் முன்பே பேசி வைத்திருந்தோம்!).

"கொழாய் ரிப்பேருக்குப் பாதி நாங்க குடுக்கறோம்! எங்க வீட்டுக்காரரும் ஒத்துக்கிட்டாரு!"

விற்பவர் சுவரைப் பார்த்தார். என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். விசாலாட்சியம்மா விறுவிறுவென்று போய் அந்தப் புடவையைப் பிடுங்கிக் கீழே போட்டார்.

"எத்தனை வருஷமா சொல்றேன்! இந்த மனுஷன் காதுல ஏறினாத்தானே!"

குழாய் மாறியது. சுவரை ஒட்டி இன்னொரு வரிசை செங்கல் வைத்து அதைக் கனமாக்கினார்கள். இனிப் பொதுச் சுவரில் எது வந்தாலும் இரண்டு வீடும் பாதிப் பாதி என்று எழுதி வாங்கினேன். அதற்கப்புறம்தான் அட்வான்ஸ்!

அடுத்த நவராத்திரிக்கு வெறுங்கழுத்தோடுதான் நின்றேன். அட்டிகை எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் சுவரைக் காட்டினேன். துளி ஈரமில்லை. அதில் சாய்ந்தாற்போல என் கொலு! அவ்வளவு கர்வம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு வந்ததில்லை.

பாடச் சொன்னார்கள். பாடினேன். அதே வரி மறந்தது (இந்த முறை நிஜமாகவே!).

எல்லோரும் சுவரைப் பார்த்தோம்.

சுவர் வாயே திறக்கவில்லை!

சரி, குரூப்பில் சிரித்தவர்களே, நீங்கள் ஃப்ளாட் பார்க்கப் போனபோது என்ன பாட்டு பாடினீர்கள்?