குழியை மூடிய மாதம்

1990 ஜூன் 9, சனிக்கிழமை. ஆறு மணிக்கு நடை, ஏழுக்குக் காப்பி. எட்டு மணிக்குத் தச்சர் கதவை இழைத்தபோது எழுந்த ஆஞ்சிலி மரத்தின் மணம், நாற்பது வருடத்துக்கு முன் அருமனையில் இருந்த அப்பாவின் மரக்கடையை நினைவூட்டியது. மேலே ஒரு கூலியாள் நிற்க, மரமறுக்கும் குழிக்குள் நின்று நாளெல்லாம் வாளின் கீழ்முனையை இழுக்கும் தங்கையனையும், அவர் தலையில் உதிரும் மஞ்சள் தூளையும்.

எஞ்சின் வாள் வாங்க வங்கி கடன் தருவதாகச் சொன்னதுமே அப்பா முன்பணம் கட்டி, குழியையும் மூடச் சொன்னார்.

“எஞ்சின் வந்த பெறகு மூடினா போராதா, மொதலாளி?” என்றார் தங்கையன்.

“இனி நீரு குழியில நிக்காண்டாம், ஓய்.”

மாதம் முடியுமுன், யாருக்கும் புதுக்கடன் இல்லை என்று வங்கியிலிருந்து கடிதம் வந்தது. கட்டிய முன்பணமும் திரும்பவில்லை; இனி இரண்டு பேருக்குப் பதில் கூலிக்கு ஓர் ஆளைத்தான் வைக்க முடியும்.

மறுநாள் விடிந்ததும் அப்பா குழியைத் திரும்பத் தோண்டி, தாமே உள்ளே இறங்கினார். மேலே நின்ற தங்கையன் வெகுநேரம் வாளைத் தொடவில்லை.