மூன்று முறை சார்ஜ் ஏறாத புல்வெட்டி

சர்வீஸ் வேலையில் மெஷினைத் திறக்கத் தெரிவது கால் பங்கு. திறக்காமல் இருக்கத் தெரிவதுதான் முக்கால் பங்கு. டூல்ஸ் பை சுமக்கும் தோழர்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

நான் பார்ப்பது தானாகவே ஓடிப் புல் வெட்டி, பேட்டரி இறங்கினால் தானாகவே சார்ஜர் மேடைக்குத் திரும்பும் மெஷின். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைப் புல்வெளிக்கு ஒன்று கொடுத்திருந்தோம். அதைக் கவனித்துக்கொள்பவர், பொன்னேரியிலிருந்து ரயிலில் வரும் கன்னியம்மா அக்கா. அதுவரை உட்கார்ந்து உட்கார்ந்து அரிவாளால் புல் அறுத்து முட்டி தேய்ந்தவர். மெஷின் திரும்பிப் போனால் அவருக்கு மறுபடியும் அரிவாள்தான்.

கூரை

முதல் அழைப்பு கத்திரி வெயிலில். சார்ஜர் மேடையை வெட்டவெளியில் வைத்திருந்தார்கள். பேட்டரி சூடேறிவிட்டால், ஆறும்வரை சார்ஜ் ஏறாது. மேலே சின்னதாக ஒரு கூரை போடச் சொன்னேன். மறுநாளே போட்டுவிட்டார்கள். கேட் செக்யூரிட்டி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நானும் ரெண்டு வருசமா ஒரு கூரை கேட்டுக்கினுதான் கீறேன் சார். எனக்கும் ஒரு பேட்டரி வச்சு உடுங்க."

முகம்

இரண்டாவது முறை குற்றவாளி அக்காவேதான். பாவம், களைத்துப்போகுமே என்று மெஷினைப் பாதியிலேயே நிறுத்தித் தூக்கிவந்து மேடையில் வைத்திருக்கிறார், முகம் வெளியே பார்க்க. சார்ஜ் ஏறும் தகடுகள் இருப்பதோ முகத்தில். திருப்பி வைத்ததும் ஏறியது. அக்காவுக்குத்தான் மனசு ஆறவில்லை: "இன்னா நைனா, செவுத்தப் பாத்து நிக்க வச்சா தண்டனை குடுத்த மாதிரி கீதே!"

பொட்டு

மூன்றாவது அழைப்பு, ஆயுத பூஜை லீவு முடிந்த அன்று. "இன்னிக்கும் ஏறலன்னா நாளைக்கு வண்டியில ஏத்திடுங்க" என்றார் மேனேஜர். அக்கா முட்டியைத் தடவிக்கொண்டு நின்றார்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்; பிளக்கில் கரண்ட் இருந்தது. மேடை வரைக்கும் வந்தது. மெஷினின் கழுத்து மாலையை ஒதுக்கிவிட்டுக் குனிந்தேன். இரண்டு தகடுகளிலும் கெட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து இறுகிக் கிடந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, மேடையில் வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது! விசில் அடிக்கலாம்போல் இருந்தது எனக்கு.

"பொட்டு வச்சது யாருங்க?" என்றேன். மேனேஜர் தொண்டையைச் செருமினார். "நான்தான். நெத்தி எதுன்னு தெரியலப்பா."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பவ்யமாகச் சொன்னார்: "அடுத்த வருசம் முதுவுல வைங்க சார். என் முட்டி தாங்காது."

மூன்று தடவை போய்வந்ததில் நான் மாற்றிய ஒரே பேட்டரி, என் மல்டிமீட்டரில் இருந்ததுதான்.